ஓவர் சார்ஜ் ஆகிற பழைய காருக்கு எது சரி: ரெகுலேட்டரா, ரிப்பேரா, உக்கடமா, புதுசா?

காங்கேயம் தாண்டி தாராபுரம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது அந்த வாசம் வந்தது. அழுகின முட்டை வாசம். அந்தப் பக்கம் கோழிப்பண்ணைக்குப் பஞ்சமில்லை, அதனால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசாமல் ஓட்டினேன். ஏற்றிய பிறகுதான் வாசம் அதிகமானது, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பத்து கிலோமீட்டர் கழித்து ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி பானெட்டைத் தூக்கினால், பேட்டரி தலையெல்லாம் ஈரம், மூடித் துளைகளில் நுரை கொப்பளிக்கிறது, பாசிட்டிவ் டெர்மினலைச் சுற்றிப் பொடி பூத்துக் கிடக்கிறது, பக்கவாட்டில் கை வைத்தால் சுடுகிறது. பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டே எட்டிப் பார்க்க வந்த பெரியவரை கையெடுத்துக் கும்பிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னேன். கொதிக்கிற பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

வண்டி அப்புச்சி வாங்கியது. 1997 மாடல் மாருதி 800, கார்பரேட்டர். யோசித்துப் பார்த்தால் இரண்டு மாதமாகவே அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஹெட்லைட் பல்பு இரண்டு தடவை போனது, டூப்ளிகேட் பல்பு என்று கடைக்காரரைத் திட்டினேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பேட்டரி தண்ணி குறைந்தது, வெயில் காலம் என்று விட்டுவிட்டேன். ராத்திரியில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஹெட்லைட் பளீரென்று ஏறும், அதை நல்ல சகுனம் என்று வேறு நினைத்தேன். டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி லைட் எரியவே இல்லை. எரியாது. பழைய வண்டிகளில் அந்த லைட் சார்ஜ் ஏறாவிட்டால்தான் எரியும், அளவுக்கு மீறி ஏறினால் அதற்குத் தெரியாது.

அடுத்த ஒரு வாரத்தில் நான்கு பேரிடம் காட்டி நான்கு யோசனை வாங்கினேன். ஒருவர் பேட்டரியை மாற்றச் சொன்னார். ஒருவர் "டைனமோ போச்சுங்ண்ணா, காயில் கட்டோணும்" என்றார், என்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் வந்து இத்தனை வருஷமாகியும் நம்ம ஊரில் அதற்குப் பேர் டைனமோதான். மச்சான், கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடையில் முழு செட்டாகவே எடுத்துவிடலாம், நான் வருகிறேன் என்றான். ஸ்பேர்ஸ் கடையில் புதுசே போடுங்கள், ஒரே செலவு என்றார்கள். இந்த நாலில் எதுவும் முட்டாள்தனம் இல்லை, ஏதோ ஒரு வண்டிக்கு ஒவ்வொன்றும் சரியான பதில்தான். உங்கள் வண்டிக்கு எது என்பதை ஒரு மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் சொல்லிவிடும். அதைச் செய்யாமல் நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சீட்டுக் குலுக்குவது மாதிரி.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆல்டர்னேட்டருக்குள் சுற்றுகிற ரோட்டாரில் ஒரு காயில் இருக்கிறது. அதற்குக் கார்பன் பிரஷ் வழியாக ஒரு சின்ன கரண்ட், மூணு நாலு ஆம்பியர்தான், போகிறது. அந்தச் சின்ன கரண்ட் எவ்வளவு போகிறதோ அதற்குத் தக்கபடி வெளியே இருக்கிற ஸ்டேட்டர் காயிலில் பெரிய கரண்ட் உண்டாகி, டயோடு வழியாக டிசி ஆகி பேட்டரிக்கு வருகிறது. கீழ்பவானி வாய்க்காலில் மடையை எப்படித் திறந்து அடைக்கிறார்களோ அதே வேலையை அந்தச் சின்ன கரண்டுக்குச் செய்கிறது ரெகுலேட்டர். வோல்ட்டேஜைப் பார்க்கும், ஏறினால் அடைக்கும், இறங்கினால் திறக்கும், ஒரு விநாடிக்குள் பலமுறை. ஓவர் சார்ஜ் என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. மடைக்காரர் மடையைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனார், அதாவது ரெகுலேட்டர் ஷார்ட் ஆகி முழுக் கரண்டும் ரோட்டாருக்குப் போகிறது. இல்லையென்றால் மடைக்காரர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார், அவர் பார்க்கிற அளவுகோல்தான் சாய்ந்து கிடக்கிறது, நிஜத்தில் வாய்க்கால் வழிகிறது அவர் கண்ணுக்கு முக்கால்தான் தெரிகிறது. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. முதலாவதற்குப் பொருள் மாற்ற வேண்டும், இரண்டாவதற்குப் பெரும்பாலும் உப்புத்தாளும் ஸ்பேனரும் போதும்.

இனி மீட்டர். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரி முனைகளில் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 10.5 சொச்சம் என்றால் ஒரு செல் ஷார்ட், அந்தப் பேட்டரியை முதலில் மாற்றிவிட்டுத்தான் மற்ற பேச்சு. ஸ்டார்ட் செய்து ஐடிலில், லைட் ஃபேன் எல்லாம் அணைத்து, 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆரோக்கியம். இப்போது மெதுவாக ஆக்சிலரேட்டரைக் கொடுங்கள். மாருதி 800-ல் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதால்தான் கணக்கு, ஐடிலைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். என் வண்டியில் ஐடிலில் 14.6, கொஞ்சம் கொடுத்ததும் 15.4, இன்னும் கொடுத்ததும் 16.3. அதற்கு மேல் நான் மிதிக்கவில்லை. என்ஜின் வேகத்தோடு வோல்ட்டேஜும் கூடவே ஏறினால் மடைக்காரர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். எவ்வளவு மிதித்தாலும் 15.1 என்றால் 15.1-லேயே நிற்கிறது என்றால் ரெகுலேட்டர் வேலை செய்கிறது, ஆனால் தப்பான அளவைப் பார்த்து வேலை செய்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

15.1-லேயே நிற்கிற வண்டி என்றால் அடுத்த வேலை வயரைத் தேடுவது. சில ஆல்டர்னேட்டர் தன் பின்பக்கத்தில் கரண்ட் வெளியே வருகிற பி பிளஸ் போஸ்டிலேயே வோல்ட்டேஜைப் பார்த்துக்கொள்ளும், சிலதுக்கு அதற்கென்று ஒரு மெல்லிய வயர் இக்னீஷன் ஸ்விட்ச், ஃபியூஸ் பாக்ஸ் என்று ஊரைச் சுற்றி வரும். இருபத்தைந்து வருஷ வண்டியில் அந்தச் சுற்றில் எங்காவது ஃபியூஸ் காலில் பச்சை பிடித்திருக்கும், சாவி ஸ்விட்ச் உள்ளே தேய்ந்திருக்கும். வழியில் 0.7 வோல்ட் தொலைந்துபோனால், பேட்டரி 14.3-க்கு வந்த பிறகும் ரெகுலேட்டர் 13.6 என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொடு இன்னும் கொடு என்று கேட்கும். இதைப் பிடிப்பது சுலபம். என்ஜின் ஓடும்போது மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பு முனையை அந்த மெல்லிய வயர் ஆல்டர்னேட்டரில் சொருகுகிற இடத்திலும் வையுங்கள். 0.2-க்குள் இருந்தால் வயர் நல்ல வயர். அதே மாதிரி ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே, ஹெட்லைட் போட்டுவிட்டுப் பாருங்கள், அங்கேயும் 0.2-க்கு மேல் போகக் கூடாது. எர்த்து, அதாவது கரண்ட் வண்டி உடம்பு வழியாக நெகட்டிவுக்குத் திரும்புகிற பாதை, பழைய வண்டியில் பெயின்ட்டும் துருவும் கிரீஸும் கலந்த ஒரு நம்பிக்கை மட்டும்தான்.

டயோடு நல்லா இருக்கிறதா என்று பார்க்க என்ஜின் ஓடும்போதே மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியில் தொட்டால் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். இங்கே ஒரு விஷயம். அந்த மஞ்சள் நிறச் சின்ன மீட்டர், எல்லா எலக்ட்ரிகல் கடையிலும் தொங்குமே, அதில் பலது ஏசியில் வைத்து டிசியைத் தொட்டால் 30 பக்கம் காட்டும், முனையை மாற்றினால் சைபர் காட்டும். அது மீட்டரின் குணம், டயோடு கோளாறு இல்லை. நான் அதைப் பார்த்து ஒரு சாயந்திரம் முழுக்கப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

வெயிலையும் கணக்கில் வைக்க வேண்டும். பேட்டரி சூடாக ஆக அதற்குத் தேவைப்படுகிற சார்ஜ் வோல்ட்டேஜ் குறையும், 10 டிகிரிக்கு ஏறத்தாழ கால் வோல்ட். நல்ல ரெகுலேட்டர் அதைத் தானே செய்யும். ஊட்டியில் விடியற்காலையில் 14.6 காட்டினால் கவலைப்பட வேண்டாம். அதே 14.6 கரூர் பரமத்தியில் சித்திரை மத்தியானம், ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் நின்றால் அது அதிகம்தான். காலையில் 14.3, ஓடி முடித்ததும் 13.9 என்றால் ஏதோ இறங்குகிறது என்று ஓட வேண்டாம், அது இறங்கத்தான் வேண்டும்.

அப்புறம், செய்யவே கூடாத ஒரு சோதனை. நான் காட்டப் போன ஒரு பட்டறையில் பையன் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு பத்து நம்பர் ஸ்பேனரோடு பேட்டரி டெர்மினலுக்குக் கை நீட்டினான். கழட்டிவிட்டும் வண்டி ஓடினால் டைனமோ நல்லது, நின்றால் கெட்டது. டைனமோ காலத்து வித்தை, அப்போது பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆல்டர்னேட்டரில் பேட்டரியைத் திடீரென்று பிடுங்கினால் வோல்ட்டேஜ் ஒரு நொடி பல மடங்கு எகிறும், நல்லா இருந்த டயோடையும் ரெகுலேட்டரையும் சேர்த்துக் கொன்றுவிடும். எனக்குக் கார்பரேட்டர் வண்டி. இன்ஜெக்ஷன் வண்டி என்றால் என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான இசியூவும் போய்விடும். "தம்பி, வேண்டாம் கண்ணு, கையை எடு" என்று சத்தமே போட்டுவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் கோபம். பரவாயில்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பேட்டரி மாற்றுவது. ஓவர் சார்ஜ் விஷயத்தில் பேட்டரி அடி வாங்கினவன், அடித்தவன் இல்லை. புதுசு போட்டால் வாசம் சில வாரம் அடங்கும், தண்ணி நிறைய இருப்பதால் குறைவது கண்ணுக்குத் தெரியாது, அப்புறம் அதே கதை, இந்தத் தடவை புதுப் பேட்டரியோடு. சீல் வைத்த, தண்ணி ஊற்ற முடியாத வகை என்றால் இன்னும் மோசம், ஆவியானது ஆவியானதுதான். ஆனால் சார்ஜைச் சரிசெய்த பிறகு பழைய பேட்டரி தேறுமா என்று பார்க்க வேண்டும். பேட்டரி கடையில் ஹைட்ரோமீட்டர் வைத்து கிராவிட்டி, அதாவது ஆசிடின் அடர்த்தி, பார்க்கச் சொல்லுங்கள். ஆறு அறையும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் வைத்துக்கொள்ளலாம், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 0.050-க்கு மேல் வித்தியாசம் என்றாலோ உள்ளே ஆசிட் காப்பி மாதிரி கலங்கியிருந்தாலோ அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். தண்ணி ஊற்றும்போது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். சிறுவாணித் தண்ணி எவ்வளவு ருசியாக இருந்தாலும் அது நமக்கு, பேட்டரிக்கு இல்லை.

காயில் கட்டுவது. இது நம்ம ஊர் வியாதி என்றே சொல்வேன், பாசத்தோடு. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோயம்புத்தூரில் மோட்டார் செய்ததிலிருந்து இந்தப் பக்கம் தெருவுக்கு ஒரு வைண்டிங் கடை. கிணற்று மோட்டார் புகைந்தால் காயில் கட்டு, மிக்ஸி நின்றால் காயில் கட்டு. அந்தக் கை ஆல்டர்னேட்டரைப் பார்த்ததும் அதையே சொல்லும். ஆனால் ஸ்டேட்டர் காயில் எரிந்தால் சார்ஜ் குறையும், ஏறாது. காயில் கெட்டு ஓவர் சார்ஜ் ஆகிற சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று: எர்த்துப் பக்கத்தை ரெகுலேட்டர் கட்டுப்படுத்துகிற வகை ஆல்டர்னேட்டரில், ரோட்டார் காயிலின் இன்சுலேஷன் போய், அது இரும்புத் தண்டோடு ஒட்டிக்கொண்டால் ரெகுலேட்டரைத் தாண்டி கரண்ட் நேராக எர்த்துக்குப் போய்விடும். கழட்டின பிறகு மீட்டரை ஓமில் வைத்து ஒரு முனை கார்பன் பிரஷ் உரசுகிற வளையமான ஸ்லிப் ரிங்கிலும் இன்னொரு முனை தண்டிலும் தொட்டால் எதுவும் காட்டக் கூடாது, காட்டினால் இதுதான். இரண்டு ஸ்லிப் ரிங்குக்கும் இடையே 2 முதல் 5 ஓம் இருக்க வேண்டும். இந்த இரண்டு அளவையும் எடுக்காமல் ஸ்டேட்டரைப் பிரித்துக் காயில் கட்டத் தொடங்கினால், ஜலதோஷத்துக்குப் பல் பிடுங்குகிற மாதிரி.

ரெகுலேட்டர் மட்டும் மாற்றுவது. என்ஜின் வேகத்தோடு வோல்ட்டேஜ் ஏறுகிற வண்டிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், நான் கடைசியில் செய்ததும் இதுதான். பல ஆல்டர்னேட்டரில் ரெகுலேட்டரும் கார்பன் பிரஷும் ஒரே கட்டையில் வரும், பின்மூடியைக் கழட்டி இரண்டு மூன்று ஸ்க்ரூவில் முடிந்துவிடும். எனக்குச் சொன்ன விலை ஆயிரத்துக்குள். புது ஆல்டர்னேட்டர் ஐயாயிரத்துக்கு மேல். கடைக்குக் கடை, மேக்குக்கு மேக் மாறும், ஆனால் விகிதம் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். இதில் ஒரே ஆபத்து டூப்ளிகேட். நான் முதலில் வாங்கிப் போட்டது 14.9-ல் நின்றது. பாக்கெட்டில் 14.4 என்று அச்சடித்திருந்தது, அச்சடிக்கக் காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் அச்சடிப்பார்கள். கழட்டி எடுத்துக்கொண்டு போய், கடைக்காரரிடம் மீட்டரையும் வைத்தேன்.

"ஏனுங்ண்ணா, 14.9 ஒண்ணும் பெருசு இல்லீங்களே, ஓடுமுங்க" என்றார்.

"ஓடுமுங்க. பேட்டரிதான் ஓடாது."

சிரித்துவிட்டு உள்ளேயிருந்து வேறு மேக் எடுத்துக் கொடுத்தார். அது ஐடிலில் 14.2, மிதித்தாலும் 14.3. போட்டுவிட்டு அப்படியே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள், ஒரு அரை மணி ஓட்டி, சூடானதும் இன்னொரு தடவை அளந்து பாருங்கள். சூட்டில் மட்டும் கைவிடுகிற ரெகுலேட்டரும் உண்டு.

முழு சர்வீஸ். ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் கொடுத்து ரெகுலேட்டர், கார்பன், பேரிங் மூன்றும் மாற்றி, ஸ்லிப் ரிங்கை லேத்தில் லேசாகப் பிடித்துக் கொடுப்பது. ஒருமுறை கழட்டி மாட்டுகிற கூலி எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம், அதனால் பேரிங் ஏற்கெனவே கத்துகிறது என்றால் ரெகுலேட்டர் மட்டும் மாற்றுவது கஞ்சத்தனம், ஆறு மாதத்தில் மறுபடி அதே கூலி. புல்லியைக் கையால் சுற்றினால் கரகரவென்று இருக்கிறதா, மேலும் கீழும் ஆடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கூட நின்று பாருங்கள் என்பது மட்டும்தான் என் ஒரே நிபந்தனை. நம்பிக்கை இல்லாமல் இல்லை, கழட்டின ஸ்லிப் ரிங் எவ்வளவு பள்ளமாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவனுக்குத்தான் இந்த ஆல்டர்னேட்டர் இன்னும் எத்தனை நாள் என்று தெரியும். கார்பன் ஓடின இடத்தில் நகம் விழுகிற அளவு பள்ளம் என்றால் ரோட்டாரே மாற்ற வேண்டிவரும், அப்போது கணக்கு புதுசு பக்கம் சாயும்.

உக்கடம். மச்சான் மனம் கோணாமல் போய்த்தான் பார்த்தோம். மலை மாதிரி கிடக்கிறது, என்ன வேண்டுமானாலும் இருக்கிறது, ஒரு மாருதி ஆல்டர்னேட்டரை எடுத்து புல்லியைச் சுற்றிக் காட்டி "ஓடற வண்டியில கழட்டுனதுங்க" என்றார்கள். ஓடின வண்டிதான், எவ்வளவு ஓடினது, கழட்டும்போது எத்தனை வோல்ட் கொடுத்தது என்பதுதான் தெரியாது. சுற்றுவதை வைத்து பேரிங்கைத்தான் பார்க்க முடியும், ரெகுலேட்டரைப் பார்க்க முடியாது. நமக்குக் கெட்டது ரெகுலேட்டர், அதே வயசு ரெகுலேட்டரை இன்னொரு வண்டியிலிருந்து காசு கொடுத்து வாங்குவது எனக்குப் புரியவில்லை. மச்சானுக்குப் புரிந்தது, அவன் ஒரு ஜோடி சைடு மிரர் வாங்கிக்கொண்டான். ஆனால் ஸ்பேர் எங்கும் கிடைக்காத வண்டி வைத்திருப்பவர்களுக்கு உக்கடம்தான் கோயில். அப்படி வாங்கினால் உடம்புக்காக வாங்குங்கள், பிளக் பின், பிடிக்கிற காது, புல்லி வரிசை மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள், உள்ளே ரெகுலேட்டர் புதுசு போடுவதாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதுசு. டயோடும் போய், ஸ்லிப் ரிங்கும் தேய்ந்து, பேரிங் உட்காருகிற வீடும் லூஸாகி இருந்தால் ரிப்பேர் செலவு புதுசின் பாதியைத் தாண்டும், அப்போது யோசிக்காமல் புதுசு. இன்ஜெக்ஷன் வண்டியிலும் நான் புதுசு பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்வேன், இசியூவின் விலை முன்னால் ரெகுலேட்டரில் மிச்சம் பிடிக்கிற காசு ஒன்றுமே இல்லை. வாங்கினால் பேர் தெரிந்த கம்பெனி ஐட்டம். சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961-லிருந்து இதே தொழிலில் இருக்கிறது, அந்த மாதிரி மேக்குகள் இருக்கும்போது பேரில்லாத டப்பாவில் வருவதை வாங்குவதற்கு நல்லா இருக்கிற பழசைச் சரிசெய்வது எவ்வளவோ மேல். மற்றபடி வோல்ட்டேஜ் மட்டும் தப்பு, மற்ற எல்லாம் நல்லா இருக்கிறது என்கிற வண்டிக்குப் புது ஆல்டர்னேட்டர் என்பது குழாய் வாஷர் போனதற்கு மோட்டாரை மாற்றுவது.

உள் ரெகுலேட்டரைத் தூக்கிவிட்டு வெளியே ஒரு யுனிவர்சல் ரெகுலேட்டர் வைத்து வயர் இழுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பாதி ராத்திரி பல்லடம் ரோட்டில் நின்றால் கை கொடுக்கிற வித்தை. நிரந்தரத்துக்கு எனக்குப் பிடிக்காது, கூடுதலாக நாலு ஜாயின்ட், ஒவ்வொரு ஜாயின்ட்டும் நாளைக்கு ஒரு கோளாறு.

ரிப்பேர் ஆகும்வரை ஓட்டியே ஆக வேண்டும் என்றால் ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன், பின்கண்ணாடி டீஃபாகர் என்று இருப்பதையெல்லாம் போட்டுக்கொண்டு, மெதுவாக, பக்கத்து ஊர் வரைக்கும். லோடு ஏறினால் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான், அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. 5 சதவீதம் வோல்ட்டேஜ் கூடினாலே பல்பின் ஆயுள் பாதிக்குப் பக்கமாகக் குறைந்துவிடும், 16 வோல்ட்டில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு போவது பல்பைக் கொன்று பேட்டரியைக் காப்பாற்றுவது.

இதையெல்லாம் முடித்து ஊருக்குப் போனபோது பெரியப்பா தன் பழைய ஜீப்பைக் காட்டினார். அதுவும் தண்ணி குடிக்கிறதாம், மாதத்துக்கு இரண்டு பாட்டில். மீட்டர் வைத்தால் 15.1. மிதித்தால் 15.1. விட்டால் 15.1. அந்த வண்டிக்கு ரெகுலேட்டர் வெளியே, பக்கத் தகட்டில் தனிப் பெட்டியாக இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிறது, அந்த ஸ்க்ரூதான் அதற்கு எர்த்து. போன வருஷம் டிங்கரிங் பண்ணிப் பெயின்ட் அடித்தபோது பெட்டியைக் கழட்டி, அடியில் தகட்டுக்கும் சேர்த்து பச்சை பெயின்ட் அடித்து, அதன் மேலேயே மாட்டிவிட்டார்கள். பெட்டியின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் மீட்டர் வைத்தால் 0.8 வோல்ட். ஸ்க்ரூவைக் கழட்டி, பெயின்ட்டை இரும்பு தெரிகிற வரைக்கும் உப்புத்தாளில் தேய்த்து, பெட்டியிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு வயரும் போட்டேன். 14.3. பெரியப்பா மீட்டரைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, அவ்வளவுதானா? நா நேத்தே பேட்டரிக்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்துப்போட்டனே."